சென்னையில் 60 வயதைத் தாண்டிய பெண்களின் சாப்பாடும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா, மாமியார், பாட்டி, தனியாக இருக்கும் பெரியம்மா என்று யாரையாவது நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சில கேள்விகள் அந்த அம்மாக்களே கேட்டவை. சென்னையில் கிடைக்கிற சாப்பாடு, இங்கே இருக்கிற மருத்துவ வசதி, இந்த ஊர் வெயில் எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வயதானால் சாப்பாடு குறையத்தானே செய்யும், அதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

சோற்றின் அளவு குறையலாம், அது இயல்பு. ஓடியாடுவது குறைகிறது, தசை குறைகிறது, அதனால் உடம்புக்குத் தேவையான கலோரியும் குறைகிறது. ஆனால் புரதமும் வைட்டமின் பி12-ம் முன்பு வேண்டிய அளவுக்காவது வேண்டும், சுண்ணாம்புச்சத்து முன்பைவிடக் கூடுதலாகவே வேண்டும். நம் வீடுகளில் பசி குறைந்ததும் முதலில் தட்டிலிருந்து போவது பருப்பும் காயும் முட்டையும்தான். சாதமும் ரசமும் மட்டும் கடைசிவரை நிற்கும். "வயசாச்சு, லைட்டா சாப்பிட்டா போதும்" என்று சுற்றி இருக்கிறவர்கள் சொல்லிச் சொல்லி அந்த அம்மாவும் அதையே நம்பிவிடுகிறார். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: சோற்றைக் குறையுங்கள், கூட வைக்கிறதைக் குறைக்காதீர்கள்.

எங்கள் அம்மா மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அப்படி இருக்கும்போது சத்துக்குறைவு எப்படி வரும்?

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். புளியந்தோப்பில் இருக்கும் 68 வயது அம்மா ஒருவரின் சாப்பாடு இது, எடை 50 கிலோ. காலையில் காபி, அப்புறம் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சாதம், ரசம், கொஞ்சம் கத்திரிக்காய் பொரியல். சாயங்காலம் காபி, இரண்டு பிஸ்கட். ராத்திரி ஒரு கரண்டி சாதத்தில் மோர் ஊற்றி, ஊறுகாய் தொட்டுக்கொண்டு முடித்துவிடுகிறார். வயிறு நிறைந்துவிடுகிறது, பசி என்று அவர் சொல்வதே இல்லை.

இதில் புரதம் எவ்வளவு? இட்லி இரண்டும் சேர்த்து சுமார் 4 கிராம், இரண்டு காபியில் இருக்கும் பால் சேர்த்து 6 கிராம், நாள் முழுக்கச் சாப்பிட்ட சாதத்தில் 11 கிராம், மோர், சட்னி, காய், ரசம், பிஸ்கட் எல்லாவற்றிலும் சேர்த்து இன்னும் 6 கிராம். இழுத்துப் பிடித்தால் 27 கிராம் தேறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், அதாவது இந்த அம்மாவுக்கு 41 கிராமுக்கு மேல். முதியோர் மருத்துவத்தில் இருக்கிறவர்கள் பலர் வயதானவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கிறார்கள், அப்படிப் பார்த்தால் குறைந்தது 50. பாதிதான் உள்ளே போகிறது. மூன்று வேளையும் சாப்பிட்டும் இந்த நிலை.

சரி, மீதி 25 கிராமை எப்படி ஏற்றுவது? எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது.

கறி, மீன் இல்லாமலே முடியும். காலையில் ஒரு டம்ளர் பால், 200 மில்லி, தனியாகவே குடிக்கட்டும்: 6 கிராம். மதியம் ரசத்துக்கு முன்னால் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், 30 கிராம் துவரம்பருப்பு போட்டு வேகவைத்தது: ஆறரை கிராம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து நன்றாகக் குழைய வேகவைத்த சுண்டல்: 6 கிராம். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஒரு முட்டை: 6 கிராம். சாப்பிடாத வீட்டில் பாசிப்பருப்பு தோசையோ, அடையோ, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ அந்த இடத்துக்கு வரட்டும். கணக்கு சரியாகிவிடும், மாதச் செலவும் பெரிதாக ஏறாது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் விலை உயர்ந்த மீன்களைவிட எந்த விதத்திலும் குறைந்தவை கிடையாது. சின்ன மீனை முள்ளோடு மசியும்படி குழம்பு வைத்தால் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறையச் சாப்பிட்டுவிட்டு மற்ற ஆறு நாள் ரசம் சாதம் என்று இருப்பதைவிட, தினமும் மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சம் புரதம் இருப்பதுதான் தசைக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு எவ்வளவு புரதம் என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை இதுவரை செய்ததே இல்லை என்றால் ஒருமுறை செய்துவிடுங்கள்.

ஆண்களுக்கும் வயதாகிறதே. பெண்களுக்கு மட்டும் ஏன் தனியாக?

பல காரணம். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிட உட்காருகிறார்கள், அப்போது குழம்பில் காய் இருக்காது, மீன் இருந்தால் வால் துண்டு இருக்கும். நாற்பது வருடம் அப்படிச் சாப்பிட்ட பழக்கம் மருமகள் வந்தபிறகும் மாறுவதில்லை. பேரனுக்கு முட்டை, எனக்கு எதற்கு என்பார்கள். கணவர் இறந்தபிறகு தனக்கென்று சமைப்பதையே விட்டுவிட்ட பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பின் கணக்கு வேறு இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது, அதற்கப்புறம் வரும் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஆண்களைவிடப் பெண்கள் அதிக வருடம் வாழ்கிறார்கள், அந்தக் கூடுதல் வருடங்களைப் பெரும்பாலும் துணையில்லாமல், சொந்த வருமானமில்லாமல் கழிக்கிறார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் உறுத்துவது. தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களின் எடையையும் ரத்தசோகையையும் 15 முதல் 49 வயதுவரைதான் கணக்கெடுத்தது. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்ததே, அதில் உங்கள் அம்மா கிடையாது. 50 வயதானதும் ஒரு பெண் அந்த எண்ணிக்கையிலிருந்தே விழுந்துவிடுகிறாள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நாடு முழுக்க 72,000 பேரை வைத்து 2017-18-ல் லாசி என்ற ஆய்வு நடந்தது, நல்ல முயற்சி. ஆனால் செய்தியில் அடிபடுவதும், அதை வைத்துத் திட்டம் போடுவதும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களைப் பற்றித்தான்.

அம்மா குண்டாகத்தான் இருக்கிறார். அவருக்கும் சத்துக்குறைவா?

இருக்கலாம், சென்னையில் இது மிக அதிகம். அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் என்று வந்தது. அந்தத் தலைமுறைதான் இப்போது 50-களில் நுழைகிறது. வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும், ஆனால் கையும் தொடையும் மெலிந்திருக்கும். கொழுப்பு ஏறி, தசை இறங்கிய உடம்பு அது. எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டாது.

வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம். தையல்காரர் டேப்பை எடுத்து, கெண்டைக்காலில் மிகப் பருமனான இடத்தில் சுற்றிப் பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது, சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. இவர்களை இளைக்க வைக்கிறேன் என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால் இருக்கிற தசையும் போய்விடும். குறைக்க வேண்டியது சோறு, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம். கூட்ட வேண்டியது புரதமும், அதே நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் தொடைக்கு வலுவைத் தராது.

மெலிகிறாரா இல்லையா என்று தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியவில்லையே?

தினமும் பார்ப்பதால்தான் தெரியவில்லை. வளையலைப் பாருங்கள், சோப்புப் போட்டுக் கழற்றிய வளையல் இப்போது தானாக நழுவுகிறதா? மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறாரா? ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாரா? பல்செட் ஆடுகிறதா? வெளியூரிலிருந்து வந்த சித்தி "என்னக்கா இப்படி எளச்சிட்ட" என்று கேட்டால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

மாதம் ஒருமுறை ஒரே இயந்திரத்தில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் எடை குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்தால், காரணம் தேட வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு எல்லாமே இப்படித்தான் ஆரம்பத்தில் தெரியும். "வயசாச்சுன்னா எளைக்கத்தான் செய்வாங்க" என்ற பேச்சால் எத்தனையோ பேருக்கு நோய் தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

சர்க்கரை இருக்கிறது. சாதத்தை நிறுத்திக் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறோம். சரியா?

கேழ்வரகு நல்ல தானியம், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் சீக்கிரம் செரித்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். ஓட்ஸ் கஞ்சியும் அப்படித்தான், அரிசிக் கஞ்சியைக் கேட்கவே வேண்டாம். அடையாக, தோசையாக, காயோடும் பருப்போடும் சாப்பிட்டால் ஏறுவது மெதுவாக இருக்கும். சாதத்தையும் முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் சாதம், அதே அளவு பருப்பு, அதைவிட அதிகமாகக் காய் என்று தட்டை மாற்றினால் போதும்.

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியதே சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம்தான். அதனால் சர்க்கரை ஏறுவதைப் பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இறங்குவதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலருக்கு இது எதுவும் இல்லாமல் நேரடியாக மயக்கம் வரும். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பரிசோதியுங்கள், அப்புறம் சாப்பிட வையுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். உடல்நலம் குன்றிய வயதானவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 வரை இருக்கலாம் என்று மருத்துவர்கள் தளர்த்துவது உண்டு. 6-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் கெடுபிடி செய்ய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். அது அவருடைய நம்பிக்கை, அதோடு வாரத்தில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் ஒரே நாளாகவும் அது இருக்கலாம். முறையை மட்டும் மாற்றலாம். பால், பழம், தயிர், ஊறவைத்த பாசிப்பருப்பு, சுண்டல் எடுத்துக்கொள்ளும் விரதமாக இருக்கட்டும், தண்ணீர் கட்டாயம் குடிக்கட்டும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர் என்றால் விரத நாளில் எதை எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் கோபப்பட மாட்டார்கள், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்கள்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?

வெயில் ஊரில் அடிக்கிறது, அம்மா மேல் அடிக்கவில்லை. விடியற்காலையில் கோலம் போட வெளியே வருகிறார், அதோடு சரி. அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனிக்குக் கண்ணாடி போட்டாயிற்று, வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. வட சென்னையின் குறுகலான தெருக்களிலோ பகலில்கூட வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மேல்தோல் வயதாக வயதாக அந்த வைட்டமினைச் செய்யும் திறனும் குறைகிறது. காலை 10 மணி வாக்கில் கையும் காலும் படும்படி 15, 20 நிமிடம் வெயிலில் உட்காரலாம், அதிகாலை வெயில் இதற்கு அவ்வளவாக உதவாது. மே மாத வெயிலில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், தலையில் துணி இருக்கட்டும். பரிசோதனையில் குறைவு என்று வந்தால் மருந்துதான் வழி. சிலர் வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்கிறார்கள். அது ரத்தத்தில் சுண்ணாம்பை ஏற்றிச் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

எலும்புக்கு இன்னொரு பக்கம் சுண்ணாம்புச்சத்து. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்பது, புரதத்துக்குச் சொன்ன அதே 2020 அளவு. பாலும் தயிருமாக 400 மில்லியில் 480 வரும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு மீன், எள் சேர்ந்தால் மீதியை எட்டிப் பிடிக்கலாம். இட்லிப் பொடி அரைக்கும்போது எள்ளைத் தாராளமாகப் போடுங்கள், ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

இடுப்பு எலும்பு முறிவைப் பற்றிப் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு நிமிடத்தில் ஒரு பெண்ணின் நடமாட்டமே நின்றுபோவதைப் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. ஈரத்தில் வழுக்காத மிதியடி, சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு, இவ்வளவும் செய்ய அறுவைச் சிகிச்சைச் செலவில் ஒரு துளிதான் ஆகும்.

ஹீமோகுளோபின் 9 என்று வந்திருக்கிறது. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மாதவிடாய் இருக்கிற வயதில் இரும்புச்சத்து குறைவதற்குக் காரணம் சுலபமாகப் புரியும். மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு இரும்பு குறைகிறது என்றால் ரத்தம் எங்கோ போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையால் வயிற்றுப்புண் வந்து உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், மூலம் இருக்கலாம், குடலில் கட்டி இருக்கலாம். மலம் கறுப்பாக, தார் மாதிரி போகிறதா என்று கேளுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். மாதவிடாய் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரணம் பார்த்தபிறகு சாப்பாடும் மாத்திரையும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிப்பது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்ல பழக்கம்.

கால் எரிகிறது, மரத்துப்போகிறது, மறதியும் வருகிறது. இதெல்லாம் சர்க்கரையாலும் வயதாலும்தானா?

பி12 குறைவாகவும் இருக்கலாம். இந்தச் சத்து பால், முட்டை, மீன், கறி மாதிரி விலங்குகளிடமிருந்து வருகிறவற்றில்தான் இருக்கிறது. ஒரு வாய் காபிப் பாலோடு நிறுத்திக்கொள்ளும் சைவப் பெண்களுக்கு அது போதாது. அதோடு சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் போட்டாலும், பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் விடாமல் போட்டாலும் பி12 குறையும். நம் ஊரில் எத்தனை பெண்கள் இந்த இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்வதும் சுலபம், ஆனால் நீண்ட நாள் விட்டால் நரம்புக்கு ஏற்பட்ட சேதம் முழுக்கத் திரும்பாது. மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்காக உப்பே இல்லாமல் சாப்பிடச் சொல்லலாமா?

வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், சுமார் ஒரு தேக்கரண்டி, என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், இவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. உப்பே இல்லாத சாப்பாட்டை யாராலும் சாப்பிட முடியாது, பட்டினி கிடப்பார்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் மிகக் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வருவதுண்டு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது.

தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

ஏன் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் கழிப்பறையாக இருக்கும். இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிகிறது, ராத்திரி நாலு முறை எழ வேண்டியிருக்கிறது, முட்டி வலியில் இந்திய மாடல் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, பொதுக் கழிப்பறையை நம்பி இருக்கிற வீட்டில் இருட்டில் போகப் பயம். வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டார்கள், ஏனென்றால் பேருந்து நிலையத்தில் போகக்கூடிய மாதிரி கழிப்பறை இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். இதை யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். விளைவு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வெயில் காலத்தில் மயக்கம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்னால் திடீர் குழப்பமும் உளறலும் வரலாம், "புத்தி பேதலிச்சிடுச்சு" என்று நினைத்துவிடாதீர்கள்.

சிறுநீர் கசிவதற்கு மருத்துவம் உண்டு, இடுப்புத் தசைப் பயிற்சியிலேயே பலருக்கு நன்றாகக் குறைகிறது. மேற்கத்திய மாடல் இருக்கை, இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாவது வாங்கிப் போடுங்கள். வயதானால் தாகமும் மந்தமாகிவிடும், அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மோர், ரசம், எலுமிச்சைச் சாறு எல்லாமே கணக்கில் சேரும். பகலில் அதிகமாகவும், சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குமேல் குறைவாகவும் குடித்தால் ராத்திரி எழுவது குறையும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்குத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவிலேயே இருக்க வேண்டும்.

பல் இல்லை, எதையும் மெல்ல முடியவில்லை.

முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி பிராட்வே பக்கத்திலேயே இருக்கிறது. அதுவரை எல்லாவற்றையும் கஞ்சியாக்காமல், மசித்துக் கொடுங்கள்: குழைந்த பருப்பு, மசித்த கீரை, முட்டைப் பொரியல், முள் எடுத்த மீன், மசித்த சுண்டல், கனிந்த பப்பாளி. சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால் விழுங்குவதில் பிரச்சினை இருக்கலாம், அதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

டப்பாவில் வரும் சத்து பானம் வாங்கலாமா?

அறுவைச் சிகிச்சைக்குப் பின்பு, அல்லது மிகவும் மெலிந்தவர்களுக்கு மருத்துவர் சொன்னால் வாங்குங்கள். மற்றபடி விளம்பரம் பார்த்து வாங்குவதில் பலவற்றில் சர்க்கரை அதிகம். அந்தப் பணத்தில் மாதம் முழுக்க முட்டையும் பாலும் வந்துவிடும்.

நான் தனியாக இருக்கிறேன். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்க மனசே வருவதில்லை.

நீங்கள் மட்டும் இல்லை அம்மா, பிள்ளைகள் வெளிநாட்டிலோ ஊரின் வேறொரு மூலையிலோ இருக்கும் நிறைய பெண்கள் இதையே சொல்கிறார்கள். ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிடுவதில் தப்பில்லை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். சுண்டலை மொத்தமாக வேகவைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் உறையவைக்கலாம். முட்டையை வேகவைக்கப் பத்து நிமிடம்தான். சமைக்கவே முடியாத நாளில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். அங்கே போய்ச் சாப்பிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. அந்தச் சாப்பாட்டோடு வீட்டிலிருந்து ஒரு முட்டையோ சுண்டலோ எடுத்துப்போனால் முழுச் சாப்பாடு ஆகிவிடும். அப்புறம், பக்கத்து வீட்டு அம்மாவும் தனியாக இருந்தால் ஒருநாள் நீங்கள், ஒருநாள் அவர் என்று சேர்ந்து சமைத்துப் பாருங்கள். கூட யாராவது உட்கார்ந்தால் ஒரு வாய் அதிகமாகவே உள்ளே போகும்.

எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு வாயில் வைத்தாலே கசக்கிறது, தூக்கம் இல்லை என்று பல வாரமாக இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. பேச ஆள் வேண்டும், உதவி வேண்டும் என்றால் முதியோர் உதவி எண் 14567.

கையில் காசு இல்லை. முட்டை, பால் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள்.

உண்மைதான். ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் வாடகையும் மருந்தும் போக என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும், அது போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ரேஷனில் அரிசி இலவசம் என்பதால் தட்டு முழுக்க அரிசியாக இருக்கிறது. கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை எந்த மாதமும் விடாதீர்கள், சில வீடுகளில் அதை வாங்கி விற்றுவிடுகிறார்கள். அந்த ஒரு கிலோ, தினம் 30 கிராம் கணக்கில் ஒருவருக்கு ஒரு மாதம் வரும். அதற்கடுத்து மலிவானது வேர்க்கடலையும் மொச்சை, காராமணி மாதிரி பயறுகளும். கூட்டுக் குடும்பமாக இருந்தால், மருமகளோ மகனோ இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள்: குழம்பில் இருக்கும் காயையும் பருப்பையும் முதலில் அவருக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். அவர் "எனக்கு வேணாம்" என்றுதான் சொல்வார். வைத்துவிடுங்கள்.

சென்னையில் எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அங்கேயே பார்க்கலாம், மருந்தும் இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இயன்முறை மருத்துவமும் உண்டு. பட்டியலில் பெயர் இல்லை என்றால் அதே சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேருங்கள்.

முதியோருக்கென்றே தனி மருத்துவர் வேண்டும் என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக 1978-ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் சிகிச்சையைத் தனியாகத் தொடங்கியது அங்கேதான். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

போகும்போது அம்மா போடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்தா, ஆயுர்வேத மருந்தும், மருந்துக்கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரையும் சேர்த்து. நாட்காட்டியில் எழுதிய எடை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டார் என்று எழுதிய ஒரு தாள், இவையும் வேண்டும். மருத்துவர் கேட்கும்போது பதிலை அம்மாவே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சிறுநீர், ரத்தப்போக்கு பற்றிப் பேச மகன் முன்னால் கூச்சப்படுவார் என்றால் நீங்கள் ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள்.